எழுதக் கற்கும் ஓராண்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பொருளாதாரத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கள்ளக்குறிச்சி மாவட்டம், ரிஷிவந்தியத்தை ஒட்டிய சிற்றூரைச் சேர்ந்தவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதுநிலைப் படிப்புக்கான விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய நோக்கவுரையைத் திருத்தித் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

ஒரு பக்க அளவிலான அந்த உரையில் இலக்கணப் பிழைகள் அதிகம் இல்லை. சிறுவயது முதலே பொருளாதாரத்தில் ஆர்வம் உண்டு, நாட்டின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன், தங்கள் நிறுவனத்தின் சிறப்பை அறிவேன் என்ற வகையில் வாக்கியங்கள் வரிசையாக நின்றன. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்த மாணவரும் அதை அனுப்பலாம். அந்த ஊரும் அந்த வீடும் அதில் எங்கும் இல்லை.

பேச்சுவாக்கில், வீட்டில் என்ன பயிர் என்று கேட்டேன். 'கரும்பு, ஐயா' என்றார். அதன்பின் அரை மணி நேரம் அவரே பேசினார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரத் தாமதமாவது, அதற்குள் கரும்பு பூத்து எடை குறைவது, வெட்டுக்கு வரும் ஆள்களுக்கு முன்பணம் தர வேண்டியிருப்பது, அதற்காக அம்மாவின் நகை அடகுக்குப் போவது, கரும்புப் பணம் கைக்கு வருவதற்குள் வட்டி ஏறிவிடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். காலத் தாழ்வின் விலை என்ன, அதைச் சுமப்பவர் யார் என்ற கேள்விகளைப் பாடநூலில் பல அத்தியாயங்களாகப் படிக்கிறோம். அவற்றை அவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே கற்றிருந்தார். 'இதை ஏன் எழுதவில்லை?' என்றேன். 'இதையெல்லாம் எழுதலாமா, ஐயா?' என்று திருப்பிக் கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நின்ற என்னை அந்தக் கேள்வி வருத்தியது. எழுதலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பது நமக்குப் பெருமை. 2021-22-ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. ஆனால், கல்லூரிக்குள் வந்த மாணவர் தம் சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுதக் கற்கிறாரா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் அளப்பதில்லை.

பருவத் தேர்வுகளில் நினைவிலிருந்து எடுத்து வைப்பதே எழுத்தாகிவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் முதுநிலைச் சேர்க்கைக்குப் பயன்படுத்தும் பொது நுழைவுத் தேர்வோ கொள்குறி வினாக்களால் ஆனது. எழுத்தைச் சோதிக்காத தேர்வுக்கு எழுத்தைக் கற்பிக்க யார் முன்வருவார்கள்? விளைவு, முனைவர் பட்ட ஆய்வில் நுழைந்த பிறகே பலர் முதன்முறையாகச் சொந்தமாக எழுதத் தொடங்குகிறார்கள். அங்கேயே பலர் தேங்கியும் விடுகிறார்கள். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேரப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. ஆய்வுக்கு வரும் வயது குறைகிறது. எழுத்துப் பயிற்சி மட்டும் முன்னகரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் படைப்பெழுத்துப் பயிற்சி உதவும் என்றால் பலர் புருவம் உயர்த்தக்கூடும். கதை எழுதுவதற்கும் பொருளாதார ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தொடர்பு உண்டு. நல்ல கதை எழுத விழைபவர் முதலில் கூர்ந்து பார்க்கப் பழகுகிறார். 'வறுமை' என்று எழுதாமல், அடுப்பில் எத்தனை வேளை நெருப்பு எரிந்தது என்று எழுதுகிறார். அடுத்து, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று கேட்கப் பழகுகிறார். ஒரே கரும்புக் கொல்லை, நிலத்துக்காரருக்கு ஒன்றாகவும் வெட்டுக்கூலிக்கு வந்தவருக்கு வேறொன்றாகவும் தெரியும். மூன்றாவதாக, எழுதியதைப் பிறர் முன் படித்து, குறை கேட்டு, மீண்டும் எழுதப் பழகுகிறார். கள ஆய்வுக்கும், ஆய்வுக் கேள்வியை வகுப்பதற்கும், சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டை எதிர்கொள்வதற்கும் வேண்டியவை இந்த மூன்று பழக்கங்களே.

உலகில் இதற்கு நெடிய முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922-லேயே படைப்பிலக்கிய ஆக்கங்களை உயர்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்க முடிவு செய்தது. 1936-இல் அங்கு எழுத்தாளர் பயிலரங்கம் தொடங்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்துத் திட்டத்தில்தான் 1973-இல் நம் அசோகமித்திரன் பங்கேற்றார். அந்த அனுபவமே பின்னர் 'ஒற்றன்!' நாவலானது. பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-இல் படைப்பெழுத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2017-இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ அங்குப் படித்தவர். பொருளாதார அறிஞர் மெக்கிளாஸ்கி, பொருளாதாரக் கட்டுரைகளும் சொல்லாட்சியால் நம்மை இணங்கச் செய்பவையே என்று 1980-களில் எடுத்துக்காட்டினார். பொருளாதார மாணவர்கள் எப்படி எழுத வேண்டும் என்று தனி நூலே எழுதினார். அவர் அப்போது பணியாற்றியதும் அயோவாவில்தான்.

இவை தொலைதூர நாடுகளின் கதைகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், என்ன உணவு என்று கேட்டு எழுதி வரச் செய்தார். அவ்வாறு எழுதப்பட்டவை 1918-இல் நூலாக வெளிவந்தன. வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களோடு, அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டும் அந்நூலில் இடம்பெற்றது.

இருவேல்பட்டு இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ரிஷிவந்தியமும் அன்று அதே தென் ஆர்க்காட்டைச் சேர்ந்ததுதான். மாணவர்களின் எழுத்திலிருந்து உருவான அந்த விவரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊருக்குச் சென்றார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் சென்றார். பின்னர் குகனும் ஜோன் மென்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் சென்றார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஒரு கிராமத்தில் நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்பதை இன்று நாம் அறிய முடிகிறதென்றால், 1916-இல் மாணவர் கையால் எழுதப்பட்ட பக்கங்களும் அதற்குக் காரணம்.

இன்னொரு சான்று, நடுநாட்டு எழுத்தாளர் கண்மணி குணசேகரன். விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த அவர், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே நாவல்களும் சிறுகதைகளும் எழுதியவர். தம் மண்ணின் சொற்களைச் சேகரித்து 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் உருவாக்கினார். கதைக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தவரின் உழைப்பு, மொழியாய்வாளருக்குக் கருவி நூலாகியிருக்கிறது. படைப்புக்கும் ஆய்வுக்கும் இடையே நாம் எழுப்பியிருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால், பட்டம் பெற்றபின் ஓராண்டை எழுதக் கற்பதற்கென ஒதுக்குங்கள் என்று சொல்லும்போது, அதன் விலையையும் பொருளாதாரம் படித்தவன் சொல்லியாக வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது இடைவெளி ஆண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஓராண்டுச் சம்பள இழப்பு. பெண்ணாக இருந்தால், அந்த ஓராண்டுக்குள் திருமணப் பேச்சு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதந்தோறும் கிடைக்கும் 1,000 ரூபாயும் பட்டப்படிப்போடு நின்றுவிடுகிறது. எந்த உதவியும் இல்லாத அந்த ஓராண்டில்தான் மேற்படிப்பா இல்லையா என்பது முடிவாகிறது.

ஆகவே, வருவாயை விட்டுவிடாமல் கற்கும் வழியே நமக்கு ஏற்றது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்தில் பட்டயப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தி வந்திருக்கிறது. தமிழில் அத்தகைய பயிற்சி கல்லூரிகளில் இன்னும் வேரூன்றவில்லை. அதுவரை நூலகமும் நான்கு நண்பர்களும் போதும்.

அந்த மாணவி அப்படித்தான் செய்தார். பகலில் ஒரு கணினி மையத்தில் வேலை. இரவில் ஒரு பக்கம் எழுத்து. ஞாயிறு காலைகளில் கிளை நூலகத்தில் நான்கு பட்டதாரிகள் கூடி, எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வழிநடத்தினார். நான் அவ்வப்போது சென்று கேள்வி கேட்டேன். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும், வலப்பக்கத்தில் ஊகித்தது என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட ஒரே விதி. கற்பனைக்கு வலப்பக்கம் வேண்டும். ஆய்வுக்கு இரண்டையும் குழப்பாத நேர்மை வேண்டும். ஆய்வில் இல்லாததைப் புனையக் கூடாது என்பதை, புனையத் தெரிந்தவரே தெளிவாக உணர்கிறார்.

மறு ஆண்டு அவர் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டில் கிடைக்கவில்லை. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு எழுத்து மாற்றாகாது; பாட அறிவுக்கும் மாற்றாகாது. இதை மறைத்துப் பேசுவது மாணவர்களுக்குச் செய்யும் தீங்கு. மூன்றாவது இடத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்த நாள்களைப் பற்றி அவர் எழுதியிருந்த பத்தியிலிருந்தே கேள்விகள் தொடங்கின. தாம் அறிந்ததைப் பற்றிக் கேட்டதால் தயங்காமல் பதில் சொன்னதாகக் கூறினார். இடம் கிடைத்தது. இப்போது அவர் முதுநிலைப் பட்டம் முடித்து, கரும்பு விவசாயிகளின் கடன் பற்றி ஆய்வு செய்ய ஆயத்தமாகி வருகிறார்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிதன்று. எந்தப் பாடமானாலும், இறுதியாண்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை எழுதிப் படித்துக் காட்டுவதற்கென ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண் வேண்டாம். ஆனால், ஆசிரியர் கட்டாயம் படிக்க வேண்டும். பட்டம் முடித்தவர்களும் வந்து அமர அனுமதிக்க வேண்டும். எழுத விரும்பும் பட்டதாரிகளுக்கு ஓராண்டுக்குச் சிறு உதவித்தொகை வழங்குவதை அரசும் எண்ணிப் பார்க்கலாம்.

கட்டுரைகளைக் கணினியே நொடியில் எழுதித் தரும் காலம் இது. அந்த மாணவி முதலில் கொண்டுவந்ததைப் போன்ற நோக்கவுரைகள் இனிக் குறையின்றிக் கிடைக்கும். அம்மாவின் நகை எந்த மாதம் அடகுக்குப் போனது, எப்போது மீண்டது என்பதைப் பார்த்தவர்தான் எழுத வேண்டும். அப்படிப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். 'எழுதலாமா, ஐயா?' என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், 'எழுது' என்று முதலில் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.