புது காருக்கு ஷோரூம் ‘பெயின்ட் புரொடக்‌ஷன்’ தேவையா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புது காருக்கு மாடல், கலர், லோன் எல்லாம் முடிவான பிறகு ஷோரூமில் ஒரு விலைப்பட்டியல் தருவார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம். இவற்றுக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: ‘பெயின்ட் புரொடக்‌ஷன் பேக்கேஜ்’. சில இடங்களில் டெஃப்லான், சில இடங்களில் செராமிக், சில இடங்களில் கிராஃபீன் என்று பெயர் மாறும். விலையும் சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டிப் போகும்.

“இதைப் போட்டுட்டா ஸ்க்ராட்ச்சே விழாது சார். அஞ்சு வருஷத்துக்கு வண்டி புதுசு மாதிரியே இருக்கும். லோன்லயே சேர்த்துடலாம், இஎம்ஐ கொஞ்சம்தான் கூடும்” என்பது வழக்கமான பேச்சு. 10 லட்ச ரூபாய் காருக்குப் பக்கத்தில் 40,000 ரூபாய் சின்னத் தொகையாகத்தான் தெரியும். அதுவே தனியாகக் கையில் இருந்து எடுத்துக் கொடுப்பது என்றால் நாம் இரண்டு முறை யோசிப்போம். அந்த யோசனையை இங்கே செய்துவிடலாம்.

காரின் பெயின்ட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் ‘பாதுகாப்பு இல்லாத’ கார் அல்ல. வெறும் உலோக உடலை முதலில் ஒரு ரசாயனத் தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காமல் இருக்க ஒரு அடுக்கு ஏற்றுவார்கள். அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். இவை சூட்டில் வேகவைக்கப்பட்டு இறுகியவை.

எல்லா அடுக்குகளையும் சேர்த்தால் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான். (1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) இதில் மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். வெயில், மழை, அமிலம் ஆகியவற்றை முதலில் தாங்குவது இதுதான். ‘பெயின்ட்டில் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும், கோட்டிங் போட்டு அடைக்கணும்’ என்று யாராவது சொன்னால், அந்த வேலையைச் செய்யத்தான் கிளியர் கோட் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஃப்லான், செராமிக், பிபிஎஃப்: மூன்றும் ஒன்றா?

இல்லை. மூன்றும் வேறு வேறு சமாச்சாரம்.

டெஃப்லான்: 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் கண்டுபிடித்த பிளாஸ்டிக் வகைப் பொருளின் வணிகப் பெயர் இது. நான்-ஸ்டிக் தவாவில் இது ஒட்டி நிற்பதற்குக் காரணம், 327 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் உருக்கிப் பதிப்பதுதான். கார் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் தவாவில் இருப்பது போன்ற அடுக்கு காரில் உருவாக வழியே இல்லை. காருக்குப் போடப்படும் ‘டெஃப்லான் கோட்டிங்’ நடைமுறையில் ஒரு பாலிஷ். பளபளப்பு நன்றாக இருக்கும். சில மாதங்களில் வாஷிங்கோடு போய்விடும்.

செராமிக்: சிலிக்கா அடிப்படையிலான திரவம். பெயின்ட் மேல் தடவினால் இறுகி, மெல்லிய படலமாகிவிடும். நல்ல தயாரிப்பைச் சரியாகப் போட்டால் ஓரிரு வருடங்களோ அதற்கு மேலோ நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், பளபளப்பு கூடும். ஆனால் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

பிபிஎஃப்: இது பூச்சு அல்ல, ஒட்டும் படலம். பாலியூரிதேனால் ஆன இதன் தடிமன் சுமார் 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்தப் பெயின்ட்டையும் விடத் தடிமன். தெறிக்கும் சிறு கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். நல்ல தரமானவற்றில் லேசான கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறையும். ஆனால் முழு காருக்கும் போட்டால் செலவு பெரும்பாலும் லட்சத்தைத் தொடும்.

‘9எச்’ என்றால் கீறலே விழாதா?

செராமிக் விளம்பரங்களில் தவறாமல் வரும் வார்த்தை ‘9எச் ஹார்ட்னஸ்’. கேட்டதும் வைரத்துக்கு அடுத்தபடி என்று தோன்றும். உண்மையில் இது பென்சில் சோதனையின் அளவு. மிருதுவான பென்சிலில் தொடங்கி கடினமான பென்சில் வரை பரப்பில் வைத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலாலும் கீறல் விழவில்லை என்றால் அந்தப் பூச்சு 9எச்.

வைரத்துக்கு 10 புள்ளி தருவது மோஸ் என்கிற வேறு அளவுகோல். அதில் சாலை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸுக்கு 7 புள்ளி. பென்சிலைத் தாங்கும் பூச்சு மணலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. சாவியால் கீறினால், பைக் ஹேண்டில் உரசினால், லாரி டயரிலிருந்து கல் தெறித்தால், ஒன்றிரண்டு மைக்ரான் படலத்தால் எதுவும் செய்ய முடியாது.

நம்ம ஊரில் பெயின்ட்டைக் கெடுப்பது எது?

முதல் குற்றவாளி தூசியும் துணியும். அபார்ட்மென்ட்களில் காலையில் கார் துடைக்கிறவர் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு பத்து, இருபது கார்களைத் துடைப்பார். அந்தத் துணியில் சேர்ந்த மணல் உப்புத்தாள் போல வேலை செய்யும். வெயிலில் பார்த்தால் பானெட்டில் சிலந்தி வலை போல வட்ட வட்டக் கோடுகள் தெரிவது இதனால்தான். செராமிக் போட்ட காரிலும் இந்தக் கோடுகள் வரும். கறுப்பு, கருநீலக் கார்களில் பளிச்சென்று தெரியும். வெள்ளை, சில்வரில் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் படியும். இங்கே செராமிக் முழுத் தீர்வு இல்லை. தண்ணீர் முத்துகள் ஓடாமல் நின்று காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வட்டத் தடமாகிவிடும்.

மூன்றாவது பறவை எச்சம். அதன் அமிலத்தன்மை, சூடான பெயின்ட்டை அரித்துத் தழும்பு உண்டாக்கும். இதில் செராமிக் கொஞ்சம் உதவும். துடைப்பதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் நாள் கணக்கில் விட்டுவைத்தால் அதுவும் காப்பாற்றாது.

ஷோரூமில் போடுவதற்கும் வெளியில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டா?

செராமிக் விஷயத்தில் பாட்டிலை விட முக்கியம் அதற்கு முன் செய்யும் வேலை. காரைக் கழுவி, பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்து, மெல்லிய கோடுகளைப் பாலிஷ் மெஷினால் நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகுதான் பூச வேண்டும். பிறகு தூசி இல்லாத இடத்தில் இறுகவிட வேண்டும். ஒழுங்காகச் செய்யும் டீட்டெய்லிங் கடைகள் இதற்கு ஒரு நாளுக்கு மேல் காரை வைத்துக்கொள்ளும்.

டெலிவரிக்கு முந்தின நாள், யார்டில் வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே இதே பொறுமை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. யார்டில் துடைத்த கோடுகளோடு அப்படியே பூசிவிட்டால், அந்தக் கோடுகளும் பூச்சுக்கு அடியில் தங்கிவிடும். பல டீலர்கள் இந்த வேலையை வெளி ஆட்களுக்கு விட்டுத்தான் செய்கிறார்கள். விலையில் டீலரின் கமிஷனும் சேரும். காரின் மீது கிடைக்கும் லாபத்தை விட ஆக்சஸரி, இன்ஷூரன்ஸ், கோட்டிங் போன்றவற்றில் லாப விகிதம் அதிகம். விற்பனைப் பிரதிநிதிக்கு இவற்றுக்கும் டார்கெட் இருக்கும். அவர் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம், உங்கள் பெயின்ட் பற்றிய கவலை அல்ல.

‘5 வருஷ வாரன்டி’யை நம்பலாமா?

கையெழுத்துப் போடும் முன் வாரன்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொதுவாக மூன்று நிபந்தனைகள் இருக்கும். ஒன்று, 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை பணம் கட்டிப் பராமரிப்புக்கு வர வேண்டும். ஒரு முறை தவறினாலும் வாரன்டி போச்சு. இரண்டு, கீறல், கல் அடி, தண்ணீர்த் தடம், விபத்து ஆகியவை சேராது. மூன்று, பிரச்சினை வந்தால் அந்த இடத்தில் மறுபடி பூசித் தருவார்கள். பெயின்ட் அடித்துத் தரமாட்டார்கள்.

பராமரிப்பு என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் மெஷின் பாலிஷ் போட்டால் அது இன்னொரு ஆபத்து. பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பதுதான். 40, 50 மைக்ரானில் அதற்கு அதிக இடம் கிடையாது.

லோனில் சேர்த்தால் எவ்வளவு ஆகும்?

ரூ.40,000 கோட்டிங்கை 7 வருட கார் லோனில், 9 சதவீத வட்டியில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இஎம்ஐ சுமார் ரூ.644 கூடும். கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் 84 மாதங்களில் கட்டும் மொத்தம் சுமார் ரூ.54,000. கோட்டிங் 3 வருடம் நின்றது என்றே வைத்தாலும், மீதி 4 வருடங்கள் காரில் இல்லாத பூச்சுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண ஹேட்ச்பேக்கில் ஒரு கதவையோ பம்பரையோ மறுபடி பெயின்ட் செய்யச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். பழைய காரை விற்கும்போதும் வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், விபத்து வரலாறு ஆகியவைதான் விலையை முடிவு செய்யும். கோட்டிங் பில்லைக் காட்டினால் அந்தப் பணம் திரும்பி வராது.

‘கட்டாயம் எடுக்கணும்’ என்று சொன்னால்?

கட்டாயம் இல்லை. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்று வரையறுக்கிறது. ‘ஏற்கெனவே போட்டாச்சு, எடுக்க முடியாது’ என்றாலும், நீங்கள் கேட்காத வேலைக்குப் பணம் தர ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

புக்கிங்கின்போதே ‘கோட்டிங், ஆக்சஸரி பேக்கேஜ் வேண்டாம்’ என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பிரித்துக் காட்டிய விலைப்பட்டியல் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமே இல்லை.

இது இந்தியாவில் மட்டும் உள்ள தொல்லை அல்ல. காருடன் பயனில்லாத கூடுதல் சேவைகளைக் கட்டணத்துக்கு விற்பதைத் தடை செய்ய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியையே அறிவித்தது. சாதாரணக் காற்றில் இருப்பதை விட அதிக நைட்ரஜன் இல்லாத ‘நைட்ரஜன் டயர்’ அதில் சொல்லப்பட்ட ஓர் உதாரணம். நடைமுறைக் குறையைக் காரணம் காட்டி, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் யாருக்குத் தேவை?

கறுப்பு போன்ற அடர் நிறக் கார், பளபளப்பில் ஆசை, ஒழுங்காகக் கழுவும் பழக்கம். இந்த மூன்றும் இருந்தால் செராமிக் சந்தோஷம் தரும். டெலிவரி எடுத்த பிறகு, இரண்டு மூன்று டீட்டெய்லிங் கடைகளில் விலை கேட்டு, எந்தத் தயாரிப்பு, என்னென்ன முன்வேலை என்று விசாரித்துப் போடுங்கள். டெலிவரி நாளிலேயே போட வேண்டும் என்ற அவசரம் எதுவும் இல்லை. ஷோரூமிலேயே போட விரும்பினாலும், அந்த வெளி விலையைக் காட்டிப் பேரம் பேசலாம்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் காருக்கு, கல் அடி படும் முன் பம்பர், பானெட் ஆகியவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் போடுவது நியாயமான செலவு. கதவுக் கைப்பிடிக் குழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளை அல்லது சில்வர் கார், நிழலில் பார்க்கிங், 5 வருடத்தில் மாற்றும் எண்ணம் என்றால் இரண்டுமே இல்லாமல் தாராளமாக இருக்கலாம். டெஃப்லான் பேக்கேஜுக்கு ஆயிரக்கணக்கில் தருவது யாருக்குமே தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாக்ஸை நீங்களே மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை தடவினால் போதும்.

செலவில்லாத பாதுகாப்பு

எந்தக் கோட்டிங்கை விடவும் பெயின்ட்டைக் காப்பது கழுவும் விதம்தான். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிடுங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். துணி நூல் துணியாக இல்லாமல் மைக்ரோஃபைபராக இருக்கட்டும். நிழலில் கழுவி, உடனே ஈரத்தைத் துடையுங்கள். பறவை எச்சம் விழுந்தால் ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

கார் துடைக்கிறவரிடம் “அண்ணா, வெளியே தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்தித் துடைச்சா போதும்” என்று சொல்லி, இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.