இணையதள விளம்பரமும் வாசகரின் பொறுமையும் - தளம் நடத்துவோர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தபோது தம்மாமிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் தெருக்காரர், எனக்குக் காக்கா முறை.

"தம்பி, மாமி மவுத்தாயிட்டாங்கன்னு நம்ம சைட்ல போட்டிருக்கீங்க. ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளியிலன்னு எங்கப்பா போட்டிருக்கு? அஞ்சு நிமிஷமா தேடுறேன், விளம்பரமா வந்துக்கிட்டு இருக்கு."

நேரத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். தொழுகை முடிந்து வந்து, என் கைப்பேசியில் ஒரு வாசகராக எங்கள் ஊர்த் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதுவரை மடிக்கணினியில், நிர்வாகியின் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவன் நான்.

பக்கம் திறந்ததும் திரை முழுவதையும் மறைத்து ஒரு விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி எறும்பு அளவு. விரல் தவறியதும் ஏதோ ஒரு கடைக்குக் கொண்டுபோய் விட்டது. திரும்பி வந்தால் தலைப்பு, அதன் கீழே பெரிய விளம்பரம், பிறகு மர்ஹூமாவின் குடும்ப விவரம், மீண்டும் ஒரு விளம்பரம். அடக்க நேரம் கடைசிப் பத்தியில் இருந்தது. படிக்கும்போதே மேலே இன்னொரு விளம்பரம் வந்து இறங்க, எழுத்துகள் கீழே ஓடின.

செய்தியை நாங்கள் மறைக்கவில்லை. ஆனாலும் அது போய்ச் சேர வேண்டியவருக்குச் சேரவில்லை. அந்த மாதம் முழுவதும் வந்த விளம்பர வருமானமோ, தளத்தின் ஹோஸ்டிங் கட்டணத்துக்கே முழுதாகப் போதவில்லை. அதன் பிறகு இந்தத் துறையைப் பற்றிப் படித்தும் சோதித்தும் தெரிந்து கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். ஊர்த் தளம், கடைக்கான தளம், பள்ளிக்கூடத் தளம், சமையல் குறிப்புத் தளம் என எது நடத்துபவருக்கும் இது உதவும்.

விளம்பரம் வந்த கதை

இணையத்தில் பட்டை வடிவ விளம்பரம் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் அறிமுகமானது. 468 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் கொண்ட அளவு பின்னர் பல ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் பழக்கத்தில் இருந்தது.

தனிச் சாளரமாகக் குதித்து வரும் 'பாப்-அப்' விளம்பரத்தின் பின்னணி இன்னும் படிப்பினை தரக்கூடியது. 1990களின் பிற்பகுதியில் ட்ரைபாட் என்ற நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் ஸக்கர்மேன் அதற்கான நிரலை எழுதியவர். ஆபாசமான ஒரு பக்கத்தில் தன் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு விளம்பரதாரர் பதறினார். விளம்பரம் பக்கத்தோடு ஒட்டாமல் தனியாகத் திறந்தால் சிக்கல் தீரும் என்று அந்த வழி கண்டுபிடிக்கப்பட்டது. 2014ல் அவரே அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விளம்பரதாரரின் கவலை தீர்ந்தது. தொல்லை முழுவதும் வாசகர் தலையில் இறங்கியது.

பார்த்தும் பார்க்காத கண்

1998ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பென்வேயும் லேனும் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தகவலைத் தேடச் சொன்னபோது, பளிச்சென்று பட்டை வடிவில் வைக்கப்பட்டிருந்ததைத்தான் பலர் கவனிக்கவே இல்லை. தேவையான தகவலே அதற்குள் இருந்தும் கண் அதைத் தாண்டிப் போனது. இதற்குப் 'பட்டைக் குருட்டுத்தன்மை' என்று பெயர் வைத்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, விளம்பரத்தைப் பெரிதாக்கி, மின்ன வைத்தால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பது உறுதியில்லை. இரண்டாவது, முக்கியமான அறிவிப்பைச் சிவப்புக் கட்டத்தில் போட்டு மின்ன வைத்தால், அதையும் விளம்பரம் என்றே எண்ணி வாசகர் கடந்துவிடுவார். பெருநாள் தொழுகை நேரத்தை ஓடும் எழுத்தில் போடுவதைவிட, சாதாரண எழுத்தில் முதல் வரியில் போடுவதே மேல்.

முதல் மூன்று வரிகள்

இணையத்தில் மக்கள் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பதில்லை, மேய்கிறார்கள். பயன்பாட்டு எளிமை குறித்து நீண்டகாலமாக ஆய்வு செய்து வரும் ஜேக்கப் நீல்சன், 2006ல் கண் அசைவைப் பதிவு செய்து இதைக் காட்டினார். மேல் வரிகளில் கண் அகலமாக ஓடுகிறது. கீழே போகப் போக இடது ஓரத்தோடு சுருங்கிவிடுகிறது.

ஆகவே, வாசகர் எதற்காக வந்தாரோ அது முதல் மூன்று வரிகளில் இருக்க வேண்டும். ஜனாஸா அறிவிப்பு என்றால் பெயர், நேரம், பள்ளிவாசல். கல்வி உதவித்தொகை என்றால் யாருக்கு, கடைசித் தேதி எது, எங்கே விண்ணப்பிப்பது. மற்ற விவரங்கள் அதன் பிறகு வரட்டும்.

நம் தளங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. நோட்டீஸைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிடுவோம். அந்தப் படத்தில் உள்ள எழுத்தைக் கைப்பேசியில் படிக்கப் பெரிதாக்கினால் மங்கும். தேடுபொறியில் நம்பிக் கிடைக்காது. தொலைபேசி எண்ணை அழுத்தி அழைக்க முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம்தான். படம் இருக்கட்டும், அதிலுள்ள செய்தியை யூனிகோடு எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கட்டுரைகளையும் மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

எழுத்தும் விரலும்

கைப்பேசியில் தமிழ் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மேலே புள்ளியும் கொம்பும், கீழே சுழியும் உள்ள மொழி நம்முடையது. வரிகளுக்கு நடுவே எழுத்தின் ஒன்றரை மடங்கு இடமாவது விட்டால்தான் நெருக்கடி இல்லாமல் படிக்க முடியும்.

அனைவருக்கும் அணுகத்தக்க இணையம் என்பதற்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் நிற வேறுபாடு கேட்கின்றன. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வடிவமைப்பாளருக்கு அழகாகத் தெரியலாம். கண்புரை உள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வெற்றுத்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை எக்காரணம் கொண்டும் தடுக்காதீர்கள். அழுத்தும் பொத்தான்கள் 48 பிக்சல் அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கட்டும்.

வேகமும் குதிப்பும்

ஒரு பக்கத்தின் தரத்தை அளக்க கூகுள் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். அழுத்தினால் 200 மில்லி வினாடிக்குள் பக்கம் அசைய வேண்டும். படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்கு மேல் போகக் கூடாது.

மூன்றாவதைக் கெடுப்பது பெரும்பாலும் விளம்பரம்தான். விளம்பரம் எங்கிருந்தோ தாமதமாக வருகிறது. வந்ததும் இடம் கேட்டு எழுத்தைத் தள்ளுகிறது. செய்தியை அழுத்தப் போன விரல் விளம்பரத்தில் விழுகிறது. இதற்குத் தீர்வு எளிது. விளம்பரம் வரும் இடத்தின் உயரத்தை முன்கூட்டியே காலியாக ஒதுக்கிவிட வேண்டும். உங்கள் தளத்தின் நிலையை பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

எல்லை எது?

2017ல் விளம்பரத் துறையினரும் இணைய நிறுவனங்களும் இடம்பெற்ற ஒரு கூட்டமைப்பு, வாசகர்கள் மிகவும் வெறுக்கும் விளம்பர வகைகளைப் பட்டியலிட்டது. கைப்பேசியில் குதித்து வருபவை, பக்கம் திறக்கும் முன் முழுத்திரையை அடைப்பவை, தானாகச் சத்தத்துடன் ஓடும் வீடியோ, கண்ணைப் பறிக்கும்படி மின்னுபவை, திரையில் 30 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு நகராதவை ஆகியன அதில் அடக்கம். ஒரு பக்கத்தின் முதன்மைப் பகுதி உயரத்தில் விளம்பரங்கள் மட்டும் 30 சதவீதத்தைத் தாண்டுவதும் அதில் குற்றமே.

2018 பிப்ரவரி முதல் அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவிலும், 2019 ஜூலை முதல் உலகம் முழுவதிலும், இந்த அளவை மீண்டும் மீண்டும் மீறும் தளங்களின் விளம்பரங்களை குரோம் உலாவியே தடுக்கத் தொடங்கியது. வாசகருக்குத் தொல்லை கொடுத்துக் கூடுதலாகச் சம்பாதிக்க நினைத்தால், உள்ளதும் போய்விடும்.

என்ன விளம்பரம் வருகிறது?

கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018ல் தமிழையும் ஏற்றது. அதன் பிறகு பல தமிழ்த் தளங்கள் அதில் சேர்ந்தன. அத்துடன் ஒரு சங்கடமும் வந்தது. "மார்க்கச் செய்தி போடும் தளத்தில் இப்படிப்பட்ட படமா?" என்று வாசகர் கேட்பார். "அது நீங்கள் இணையத்தில் பார்ப்பதைப் பொறுத்து வருவது" என்று தளத்தார் பதில் சொல்வார். இந்தப் பதில் பாதி உண்மை மட்டுமே. வாசகரின் தேடல் பழக்கத்தை வைத்தும் விளம்பரம் வரும். பக்கத்தில் உள்ள செய்தியை வைத்தும் வரும். விளம்பரதாரர் அந்தத் தளத்தையே தேர்ந்தெடுத்தும் வரும். எனவே குற்றத்தை வாசகர் மேல் சுமத்துவது முறையல்ல.

ஆட்சென்ஸ் கணக்கில் விளம்பரத் தடுப்புக் கட்டுப்பாடுகள் என்று ஒரு பகுதி உண்டு. ஜோதிடம், மாந்திரீகம், டேட்டிங், விரைவில் பணக்காரராவது போன்ற வகைகளை அங்கே மொத்தமாக நிறுத்தலாம். தனி விளம்பரதாரரின் தள முகவரியையும் தடுக்கலாம். வட்டிக் கடன் செயலிகளின் விளம்பரங்கள் தொடர்ந்து வந்தால் அவற்றின் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் இது வடிகட்டிவிடாது; வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். வருமானம் சற்றுக் குறையும். அந்தக் குறைவை ஏற்கத் தயாரில்லை என்றால், நம் தளத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. "தளத்துக்கு உதவ விளம்பரத்தை அழுத்துங்கள்" என்று சில தளங்களில் வேண்டுகோள் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தானே அழுத்துவதும் பிறரை அழுத்தச் சொல்வதும் ஆட்சென்ஸ் விதிக்கு எதிரானவை, கணக்கே முடக்கப்படும். அதைவிடப் பெரியது, வாங்கும் எண்ணமே இல்லாமல் அழுத்தும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எங்கோ ஒரு வியாபாரி காசு கொடுக்கிறார். அது அவருக்குச் செய்யும் மோசடி.

உள்ளூர் விளம்பரங்கள்

சிறிய தளங்களுக்கு உள்ளூர்க் கடை, உணவகம், பயண நிறுவனம் ஆகியவற்றிடம் நேரடியாக வாங்கும் விளம்பரமே பல நேரங்களில் நல்லது. என்ன வரும் என்பது நம் கையில் இருக்கும்; படம் சிறிதாக இருக்கும்; வேகமும் கெடாது. ஆனால் காசு வாங்கிப் போடுவதை 'விளம்பரம்' என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். செய்தி போல வேடமிட்ட விளம்பரத்தை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளன. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரத்துக்கு 2025ம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

நம் சமுதாயத்துக்கு மிகவும் முக்கியமானது வெளிநாட்டு வேலை விளம்பரம். 1983ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. பதிவு எண் தராதவரின் விளம்பரத்தை மறுத்துவிடுங்கள். நம் தளத்தில் பார்த்தோம் என்று நம்பித்தான் ஒரு தாய் நகையை அடகு வைக்கிறார்.

உம்மாவின் கையில் கொடுங்கள்

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000ல் எழுதினார். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ கைப்பேசியைக் கொடுத்து, "நாளைக்கு எந்தத் தெருவுல கரண்ட் இருக்காதுன்னு பாருங்க" என்று சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். எங்கே விரல் தடுமாறுகிறது, எங்கே கண்ணைச் சுருக்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். உதவி செய்யத் துடிக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். அவர்கள் தடுமாறும் ஒவ்வொரு இடமும் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். முழுத்திரை விளம்பரத்தை எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு விளம்பரங்கள் போதும் என்று முடிவு செய்தோம். ஹோஸ்டிங் செலவில் மீதியை ஊரில் மூன்று கடைக்காரர்களின் ஆண்டு விளம்பரம் ஈடுகட்டுகிறது.

ஜனாஸா அறிவிப்புப் பக்கத்தில் மட்டும் எந்த விளம்பரமும் கிடையாது. முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் நேரமும் பள்ளிவாசலும்.