உயிருள்ள பாக்டீரியாவினுள் புரதங்களின் நடமாட்டம்

நிலக்கடலைச் செடியின் வேரை அலம்பிப் பார்த்தால் கடுகளவான முடிச்சுகள் காணப்படும். அவற்றில் வசிக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஆகாரமாக்கித் தருவதைக் கொங்கு நாட்டு விவசாயிகளில் அநேகர் அறிவர். ஆனால் அவை உயிரோடு வேலை செய்வதைக் காண்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது. மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பாகத்தைக் கொண்டு அளக்க வேண்டிய அவ்வுயிரை, மைக்ராஸ்கோப்பில் தெளிவாகக் காண்பதற்காகச் சூடுகாட்டிச் சாயமேற்றுவது வழக்கம். அதிலேயே அது மடிந்துவிடும். உருவம் தெரியுமேயன்றி வேலை தெரியாது.

இத்தடையை நீக்க உதவியது கடலில் மிதக்கும் ஜெல்லிமீன் ஒன்று. அதன் உடலில் பச்சையாய் ஒளிரும் புரதத்தின் ஜீனை 1994-ல் சால்ஃபி என்னும் அமெரிக்க விஞ்ஞானி பாக்டீரியாவினுள் புகுத்தி, அது உயிரோடிருக்கையிலேயே ஒளிரச் செய்தார். (இப்புரதத்திற்காக அவருக்கும் வேறிருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.) வேண்டிய புரதத்தோடு இதை இணைத்துவிட்டால், கொரங்காட்டில் மேயும் மாட்டிற்கு மணி கட்டியதுபோல, அது செல்லுமிடமெல்லாம் தெரியும்.

அவ்வாறு பார்த்ததில் வியப்பான செய்திகள் வெளியாயின. 1999-ல் ராஸ்கின், டி போயர் என்னும் இருவர், குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவிலுள்ள மின்-டி என்ற புரதத்தைக் கவனித்தனர். அது ஒரு முனையில் கூடிச் சற்று நேரத்தில் கலைந்து மறுமுனைக்குச் செல்கிறது, மீண்டும் திரும்புகிறது. இந்த ஓயாத காவலால்தான் பாக்டீரியா சரிபாதியில் இரண்டாய்ப் பிரிகிறது. காவல் தவறினால் முனையருகே பிரிவு ஏற்பட்டு, ஜீன்களற்ற வெற்றுக் குமிழ்கள் உண்டாகும். அவற்றால் வம்சவிருத்தி இல்லை.

விவசாயிகளுக்கு இதனினும் நெருங்கிய விஷயம் குதிரைமசாலைப் பற்றியது. அப்பயிரில் வாழும் ரைசோபியம் வகைக்கு இதே பச்சை ஒளியூட்டி 1996-ல் அமெரிக்காவில் ஆராய்ந்தனர். சுருண்ட வேர்த்தூவியினுள் நூல்போன்ற குழாயின் வழியே அது பெருகிக்கொண்டே உட்செல்வது கண்கூடாயிற்று. செத்த பாக்டீரியா அவ்வாறு செல்வதேது? ஆகையால் ரைசோபியப் பொட்டலத்தை வெயிலில் வைத்திருப்பவர் வெறுந் தூளையே விதைக்குப் பூசுகிறார். பூஞ்சண மருந்து கலந்த விதையானால் இருபத்துநாலு மணி நேரமாவது கழித்தே ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும்.

முடிச்சிலுள்ள ஒரு புரதத்தின் அடையாளத்தைக் காண மைக்ராஸ்கோப்பும் வேண்டுவதில்லை. விதைத்து ஒரு மாதத்திற்குமேல் முடிச்சொன்றை நகத்தால் கீறினால் உள்ளே இரத்தச் சிவப்பாயிருக்கும். பிராணவாயு மிகுந்து பாக்டீரியாவின் வேலை கெடாதபடி காக்கும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் நிறம் அது. உள்ளே வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின் அம்முடிச்சில் அப்போது வேலை நடக்கவில்லை.