தொப்பிக்குள் சிக்கிய செஸ் திருட்டு!
செல்போனோடு ரகசியம் பேசும் பலகை

மதுரை, காளவாசல்–

காளவாசலில் பஸ்சுக்கு நிற்கிற பையன்களைப் பாருங்கள். ஒருவனாவது செல்போனில் செஸ் ஆடிக்கொண்டிருப்பான். "கையால காயைத் தூக்கி வைக்கிற சொகம் இதுல ஏது?" என்று பெரிசுகள் சலித்துக்கொள்வார்கள். அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது. பலகையில் மரக்காயை நகர்த்தினால் போதும். செல்போனுக்குத் தானாகவே தெரிந்துவிடும்!

எப்படித் தெரிகிறது?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. காயின் அடியில் சின்னக் கம்பிச்சுருள். ராஜாவுக்கு ஒரு அலைவரிசை, ராணிக்கு வேறு. பலகைக்கு அடியிலும் கம்பி வலை. எந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார் என்று அது ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். நெதர்லாந்து நாட்டு டி.ஜி.டி. கம்பெனிப் பலகைகள் இந்த ரகம்.

விலை குறைந்தவற்றில் வெறும் காந்தம்தான். காயை எடுத்ததும் வைத்ததும் தெரியும். எடுத்தது யானையா, மந்திரியா என்பது தெரியாது. முதல் நகர்த்தலிலிருந்து கணக்கு வைப்பது போனின் வேலை. நடுவில் வீட்டுப் பூனை புகுந்தால் கணக்கு அம்பேல்! முன்பு வயர் மாட்டினார்கள். இப்போது புளூடூத்.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் ஓபன் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162 அணி. அணிக்கு 4 பேர். சுமார் 700 பலகை. இப்படிப்பட்ட பலகைகள் வழியாகத்தான் ஆட்டங்கள் உலகம் முழுக்க நேரடியாகப் போயின.

திருட்டு நுழைந்தது

வெளியே போகிற செய்தியைத் திருடனும் பார்ப்பான் அல்லவா? பார்த்துவிட்டு கம்ப்யூட்டரைக் கேட்டு, உள்ளே சேதி அனுப்பினால்?

2006 டிசம்பரில் டெல்லிப் போட்டி ஒன்றில் ஒரு ஆட்டக்காரரைச் சோதனை போட்டார்கள். தொப்பிக்குள் புளூடூத் கருவி! வெளியிலிருந்த கூட்டாளிகள் கம்ப்யூட்டர் சொன்னதை ஓதிக்கொண்டிருந்தார்கள். 10 வருஷத் தடை விழுந்தது. தொப்பிக்கு என்ன தண்டனையோ, தெரியவில்லை.

இன்று பெரிய கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. 2009-ல் பியூனஸ் அயர்சில் 'பாக்கெட் பிரிட்ஸ் 4' என்ற புரோகிராம் ஒரு செல்போனில் ஓடியபடி, மனிதர்களோடு 10 ஆட்டம் ஆடி 9½ புள்ளி எடுத்தது. கைக்குள் அடங்குகிற போன்தான்!

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போட்டியிலிருந்து அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் பாதியில் விலகினார். சந்தேகப் பேச்சு கிளம்பியது. உடனே நேரடி ஒளிபரப்பை 15 நிமிஷம் தாமதமாக்கினார்கள். பழைய சேதியை வைத்துத் திருடன் என்ன செய்வான்?

பையில் போனா?

காளவாசல் அப்பாமார்களுக்கு ஒரு விஷயம். வீட்டில் பயிற்சிக்குப் பலகையும் போனும் ஜோடி சேரட்டும், தப்பில்லை. போட்டி மண்டபத்தில் அந்த ஜோடி ஆகாது. ஆட்டத்தின்போது பையன் பாக்கெட்டில் போன் இருப்பது தெரிந்தாலே சர்வதேச விதிப்படி தோல்வி. சில போட்டிகளில் தண்டனை குறையலாம். அதை நம்பி உள்ளே அனுப்பாதீர்கள். "ஸ்விட்ச் ஆஃப்ல தான் சார் இருந்துச்சு" என்று அழுதாலும் நடுவர் கேட்கமாட்டார்.

வாசலிலேயே போனை வாங்கி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.