நண்டு நெபுலாவில் முறுக்கேறும் காந்தம்

சீனாவின் சிச்சுவான் மலையில் 4,410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லாசோ ஆய்வகம். நண்டு நெபுலாவிலிருந்து வந்த ஒரு காமா கதிரை அது பதிவு செய்ததாக 2021-இல் அறிவித்தார்கள். அதன் ஆற்றல் 1.1 பெட்டா எலெக்ட்ரான்-வோல்ட். அதை வீசிய எலெக்ட்ரானுக்கு இரு மடங்கு ஆற்றல் இருந்திருக்க வேண்டும். ஜெனீவாவின் மாபெரும் துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்கு ஊட்டும் ஆற்றலைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல்!

அந்த நெபுலா, 1054-இல் சீனர்கள் பகலிலும் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம். நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன். அதன் சுழற்சி மெல்லக் குறைகிறது. இழந்த ஆற்றல் காந்தப்புலமாகவும் துகள்களாகவும் வெளியே பாய்கிறது. எக்ஸ் கதிர் வீசும் எலெக்ட்ரான்கள் சில ஆண்டுகளிலேயே ஆற்றல் இழந்துவிடும். எக்ஸ் கதிர் இன்றும் வருகிறது; ஆகவே இன்றும் அங்கே முடுக்கம் நடக்கிறது.

ஆனால் காந்தப்புலம் துகளின் திசையைத்தான் திருப்பும், வேகத்தைக் கூட்டாது. கூட்டுவது மின்புலம். காந்தப்புலம் அலைந்து மாறும்போது மின்புலம் பிறக்கிறது. நெபுலாவின் காந்தப்புலத்தில் நிலவும் கொந்தளிப்பின் மகிமை அதில்தான். அலையும் காந்தப்புலத்தில் துகள் ஆற்றல் பெறும் வழியை 1949-இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி காட்டினார். எதிரே வீசப்படும் மட்டையில் பட்ட பந்து வேகம் பெறும், விலகும் மட்டையில் பட்டால் இழக்கும். அலையும் காந்த மேகங்களில் மோதும் துகளுக்கும் அதே கதி. எதிர்மோதல்களே சற்று அதிகம் என்பதால் கடைசியில் லாபம்தான். மேகங்கள் மந்தமாக நகர்ந்தால் லாபம் அற்பம். நண்டு நெபுலாவிலோ காந்த அலைகள் ஒளிவேகத்தை ஒட்டி ஓடக்கூடியவை.

முதல் உந்துதல் எங்கிருந்து? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லூக்கா கொமிசோவும் லொரென்சோ சிரோனியும் 2018-இல் வெளியிட்ட கணினிப் பாவனையில் விடை இருக்கிறது. கொந்தளிப்பு காந்தக் கோடுகளை நெருக்கி மெல்லிய மின்னோட்டத் தகடுகளை உண்டாக்குகிறது. அங்கே கோடுகள் அறுந்து மறுபடி இணைகின்றன. அந்த இடத்து மின்புலம் எலெக்ட்ரானைச் சட்டென உந்திவிடுகிறது. மீதி வேலை ஃபெர்மி சொன்ன மோதல்களுடையது.

நெபுலாவிலேயே இதற்கொரு தடயம் உண்டு. எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் வளைந்து வீசும் ஒளிக்குச் சாதாரணமாக 16 கோடி எலெக்ட்ரான்-வோல்ட்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். 2011 ஏப்ரலில் நெபுலா திடீரெனச் சில நாள் பிரகாசித்தபோது ஒளியின் உச்சம் 37 கோடியைத் தாண்டியது. நம்மை நோக்கிப் பாயும் பிளாஸ்மாவால் ஆற்றல் கூடித் தெரிகிறது என்போரும் உண்டு. மின்புலம் காந்தப்புலத்தை மிஞ்சும் அந்தத் தகடுகளே காரணம் என்ற விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.