புழுவுக்காகப் பிறந்த நஞ்சு

புகையிலைச் செடியின் இலையைப் புழு கடித்தால் சேதி வேருக்குப் போகிறது. செடிக்கு நரம்பு கிடையாது, குரல் கிடையாது. ஆனாலும் கடிபட்ட இடத்தில் ஜாஸ்மோனிக் அமிலம் சுரக்க, மண்ணுக்கடியில் வேர்கள் விழித்துக்கொண்டு நிகோட்டின் செய்யத் தொடங்குகின்றன. செய்ததைத் தண்ணீரோடு சேர்த்து மேலே அனுப்பி இலைச் செல்களுக்குள் பதுக்குகின்றன. அடுத்த வாய் கடிக்கிற புழு நரம்பு துடித்துச் சாகிறது. ஓடவும் ஒளியவும் முடியாத உயிருக்குப் படைத்தவன் கொடுத்த ஆயுதம் அது.

அந்த ஆயுதத்தையும் வென்ற புழு ஒன்று அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. கொம்புப்புழு என்பார்கள். நிகோட்டினைத் தின்று கழித்துவிடும். கழிக்காமல் மிச்சம் வைத்ததை உடம்பின் சுவாசத் துளைகள் வழியே வெளியே விட, இரவில் வேட்டைக்கு வரும் ஓநாய்ச் சிலந்தி கிட்டே நெருங்காமல் விலகிப் போகிறது. எதிரியின் நஞ்சையே கவசமாக்கிக்கொண்ட இந்தப் பிராணிக்கு என்ன பட்டம் கொடுப்பது என்று தெரியவில்லை.

இதற்கும் பனியன் ஊரான திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு. பருத்தி விதைக்கு உழவர்கள் பூசும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து, பூச்சியின் நரம்பில் நிகோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. செடி கற்ற பாடத்தை மனிதன் காப்பியடித்திருக்கிறான். மூலனூர் விற்பனைக்கூடத்தில் ஏலம் போகும் பருத்தியைக் காத்த வேதியியலும், அந்தப் பருத்தி நூலாகி துணியாகி வரும்போது ஓவர்லாக் மெஷினில் குனிந்திருப்பவரின் கீழுதட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் ஹான்ஸ் புகையிலையின் வேதியியலும் ஒரே குடும்பம்.

பூச்சியைக் கொல்லும் பொருள் நமக்கு ஏன் சுகமாக இருக்கிறது? நரம்புக்கு நரம்பு பேசிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்ற பொருள் தேவை. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பூச்சிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நல்ல கருவி ஒன்று அமைந்துவிட்டால் படைப்பு அதை எளிதில் கைவிடுவதில்லை. நிகோட்டின் அந்த ஏற்பியில் அசிட்டைல்கோலின் போலவே அமர்கிறது. அளவு மிகச் சிறியது என்பதால் நாம் சாவதில்லை. மூளையின் ஆழத்தில் டோபமின் சுரந்து, கண் விழித்து, கை சுறுசுறுப்பாகிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கும் ஒன்றரை ஷிப்ட்காரருக்கு, ஷிப்மென்ட் நெருக்கடியில் விடிய விடிய வேலை பார்ப்பவருக்கு, இது எவ்வளவு பெரிய ஆசை காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகைத்தால் இருபது வினாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். வாயில் ஒதுக்கினால் கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் சுண்ணாம்பு. காரம் ஏறிய எச்சிலில் நிகோட்டின் மின்னேற்றம் இழந்து, வாய்த்தோலைச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. இந்த இரசாயனத்தை எந்தப் புத்தகமும் வருவதற்கு முன்பே நம் பாட்டன்மார் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா? குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. பொட்டலங்கள் தடையைப் படித்ததாகத் தெரியவில்லை.

நான் கைகூப்பும் இடம் இனிமேல்தான் வருகிறது. உடம்பு எதையும் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. நிகோட்டின் நாள் தவறாமல் வந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை புதிய ஏற்பிகளைக் கூடுதலாக வைத்து ஈடுகட்டுகிறது. ரத்தத்தில் நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அப்போது அத்தனை ஏற்பிகளும் வெறுமையாகக் காத்திருக்கின்றன. எரிச்சல், கவனச்சிதறல், கை பொட்டலத்தைத் தேடுவது எல்லாம் அந்தக் காத்திருப்பின் வேலைதான். சமநிலையைக் காக்கும் நுட்பம் கச்சிதமாக வேலை செய்கிறது. வேலை செய்வதாலேயே மனிதன் மாட்டிக்கொள்கிறான். இதைத் திமிர் என்றும் மனவுறுதி இல்லாமை என்றும் பேசும் மேற்பார்வையாளர்களை எனக்குத் தெரியும். அதேபோல் சமநிலை காக்கும் சிறுநீரகத்தையும் அவர்கள் அப்படித் திட்டுவார்களா?

சாராயம் இன்னும் விசித்திரம். ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர், சர்க்கரையைத் தனக்கே வைத்துக்கொள்ள ஆல்கஹாலைச் சுரந்து மற்ற நுண்ணுயிர்களை விரட்டுகிறது. பனங்கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். மூளைக்குப் போன ஆல்கஹால் அடக்கும் சேதிகளுக்கு வலுக்கூட்டுகிறது, கிளர்த்தும் சேதிகளை மங்கச் செய்கிறது. தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு எதிராகக் கிளர்ச்சியை ஏற்றி ஏற்றி நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? குடியை ஒரே நாளில் நிறுத்தியவருக்கும் அதுதான் ஆகிறது. ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, நாளும் ஊரும் மறந்து பிதற்றுவதும் உண்டு. அது உயிரையே எடுக்கக் கூடியது.

கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் 24 அன்று டாஸ்மாக் கடைகள் மூடின. மீண்டும் திறந்தது மே 7. அந்த முதல் வாரத்தில் பல வீடுகளில் 'பேய் பிடித்துவிட்டது' என்று பயந்தது இதைத்தான். ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்து இறந்தவர்களும் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு மட்டும் குடிப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. காலையில் கை நடுங்கி, நடுக்கம் நிற்கக் குடிப்பவர் வீட்டில் தாமாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகளைக் கொடுத்து, கயிற்றை ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மெல்லத் தளர்த்துவார்கள். 'ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க' என்று கேட்பது நம் வழக்கம். குடிநோயாளிக்குத் தயமின் ஊசியைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சத் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். தவிட்டில் இருக்கும் சாதாரண வைட்டமின் பி1தான் அந்தத் தயமின்! எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவச எண் உண்டு.

குடியை நிறுத்த உதவும் மருந்து ஒன்றின் கதை ரப்பரில் தொடங்குகிறது. 1937ல் அமெரிக்க ரப்பர் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர், ரப்பரைப் பதப்படுத்தும் தையூரம் என்ற பொருளோடு புழங்கும் தொழிலாளர்கள் மது தொட்டாலே முகம் சிவந்து நெஞ்சு படபடத்துத் தவிப்பதைக் குறித்துவைத்தார். ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து டென்மார்க்கில் ஹால்டும் யாகப்சனும் அதே குடும்பத்துப் பொருள் ஒன்றைப் புழுக்கொல்லியாகத் தங்கள் உடம்பிலேயே சோதித்தபோது, விருந்தில் அதே அவதி. டைசல்பிராம் பிறந்தது அப்படி. ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக்கி, உடனே அதையும் முறித்துவிடும். இரண்டாவது படியை இந்த மாத்திரை நிறுத்திவைக்கிறது. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, வீட்டார் பார்க்கச் சாப்பிட்டால் நல்ல மருந்து. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது குற்றத்துக்குச் சமம். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். சுவரொட்டியில் விளம்பரமாகும் 'குடியை மறக்கடிக்கும்' பொடிகளில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கும் மனைவிமாரின் வேதனை புரிகிறது. பொடியை விற்பவரை மன்னிக்க முடியவில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, குடிநோயாளியோடு அவர் மனைவியையும் உட்காரவைத்துப் பேசியது. இரகசியப் பொடிக்கு நேர் எதிரான வழி அது.

அபினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொங்கு மண்டலத்தில் இப்போது போலீஸ் பிடிக்கும் வலி மாத்திரைகளும் அபினியும் போய் உட்காரும் ஏற்பிகள் அபினி தரும் கசகசாச் செடிக்காகப் படைக்கப்பட்டவையா? 1975ல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தபோது விடை கிடைத்தது. உடம்பே தன் வலிக்குத் தானே மருந்து செய்கிறது, ஏற்பி அதற்கானது. அதே கசகசாச் செடியின் தீபெயினிலிருந்து செய்யும் புப்ரெனார்பின் அதே ஏற்பியில் அமர்ந்து, பாதி வேலை மட்டும் செய்து, தவிப்பை அடக்குகிறது. நஞ்சு வந்த செடியிலேயே மீட்பும் வருகிறது.

நிகோட்டினுக்கும் அப்படி ஒரு செடி உண்டு. தென் ஐரோப்பிய மலைகளில் லாபர்னம் மரம் நம் சரக்கொன்றை போலவே மஞ்சள் சரம் தொங்கவிடும். (கொன்றையில் இந்த மருந்து இல்லை, யாரும் பட்டை உரிக்கப் போகவேண்டாம். லாபர்னமும் விஷமரம்.) அதன் சைட்டிசினைப் பல்கேரியா 1964ல் புகை நிறுத்தும் மாத்திரையாக்கியது. அதன் வடிவத்தைப் பின்பற்றி 2006ல் வரேனிக்ளின் வந்தது. இரண்டும் நிகோட்டின் ஏற்பியில் பாதி வேலை செய்பவை.

எளிதாகக் கிடைப்பது நிகோட்டின் சூயிங்கம். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒதுக்குவதை ஹான்ஸ்காரருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு செய்த வேலையைச் செய்ய கம்முக்குள்ளேயே காரப்பொருள் இருக்கிறது. தேநீரின் அமிலத்தன்மை அதைக் கெடுக்கலாம். ஆகையால் கம்பெனியில் பதினோரு மணி டீ குடித்தவர், கால் மணி நேரம் பொறுத்துத்தான் அதை வாயில் போடவேண்டும்.