லயத்துக்கு வந்த ஊசி

தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் முகாம் வழியாகத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு அங்கேயே அம்மை குத்தினார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்திலும் அதே கதைதான். துரை சொல்வார், கங்காணி கூட்டிவருவார், டிஸ்பென்சரி ஐயா குத்துவார். சனம் நம்பியா கை நீட்டியது? இல்லை. ஆனால் சந்தேகம் லயத்துக் காம்பராவைத் தாண்டாது. வெளிச் செய்தி வருவதும் பத்திரிகையில்தான். ஹட்டன் டவுனில் வாங்கிய வீரகேசரியை ஒருவர் வாசிக்க, பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பிடிக்காத செய்தி என்றால் வாசித்தவரோடு அங்கேயே மல்லுக்கு நிற்கலாம்.

அந்தச் சந்தேகம் வெறும் அறியாமை என்று கொழும்பிலிருந்து சொல்வது சுலபம். 1980களில் காசு கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சையை ஊக்குவித்தார்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்று விளங்காமலே கைநாட்டு வைத்த பெண்கள் மலையகத்தில் இருந்தார்கள். மலையகத் தமிழரின் தொகையைக் குறைக்கத்தான் இது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இன்று சந்தேகத்துக்கு முதலாளிகள் வந்துவிட்டார்கள். 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். 2019 மே 23ஆம் தேதி, ஒரு முஸ்லிம் டாக்டர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகத் 'திவயின' சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு மாதம் இருந்தது. அந்தச் செய்தியை அடுத்து குருநாகல் டாக்டர் ஷாபி கைதானார். ஆதாரம் கிடைக்கவில்லை என்று சி.ஐ.டி.யே பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. முதல் செய்தி ஓடிய வேகத்தில் அது ஓடவில்லை.

பிறகு கொரோனா. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று வந்த கேகாலைப் பாணியை டி.வி. கொண்டாடியது, சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று. அதே ஜனவரியில் இந்தியாவிலிருந்து கோவிஷீல்ட் வந்தது, மார்ச் கடைசியில் சீனாவிலிருந்து சினோபார்ம். எந்த ஊசி நல்லது என்ற கேள்வியோடு, எந்த நாடு யாருக்கு நெருக்கம் என்ற சண்டையும் போனில் சேர்ந்து வந்தது. ஊரடங்கிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம், ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற பழைய பயம் போனில் குரல் பதிவாக வந்து சேர்ந்தது. இந்த முறை மல்லுக்கு நிற்க எதிரே ஆளில்லை. பேசியவர் யாரென்றே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் குரல் பதிவை நாலு பேருக்கு அனுப்பும் தாயும் கைப்பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பாள், தேதி வந்தால் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த ஊசிக்கு இந்தியா, சீனா என்ற பேச்சில்லை. போடுகிற மிஸ்ஸியை அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போய்க் கேட்கலாம்.